கொள்ளைநோய்க் காலத்துப் பொய்கள் எதன்மேல் நிற்கின்றன?

2020 பிப்ரவரி கடைசியில் ஈரானில் கொரோனா வேகம் பிடித்தபோது, சாராயம் குடித்தால் கிருமி செத்துவிடும் என்றொரு செய்தி அங்கே போன் போனாகப் பரவியது. மதுவுக்குத் தடை உள்ள நாடு, ஆகவே கிடைத்தது கள்ளச்சாராயம்தான், அதிலும் நிறைய மெத்தனால். தொழிற்சாலைகளுக்குப் போகும் மெத்தனாலை அடையாளம் காட்ட நிறம் கலக்க வேண்டும் என்பது அங்கே விதி; கள்ளத்தனமாக விற்றவர்கள் பிளீச் ஊற்றி அந்த நிறத்தைப் போக்கிவிட்டு விற்றார்கள். மெத்தனால் உடம்புக்குள் போனதும் ஃபார்மால்டிஹைடாகி, அப்புறம் ஃபார்மிக் அமிலமாகும். அது கண் நரம்பை எரிக்கும், அளவு மிஞ்சினால் உயிரையும் எடுக்கும். ஏப்ரல் தொடக்கத்துக்குள் எழுநூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். நோய்க்குப் பயந்து குடித்தவர்களில் பலருக்கு அந்த நோயே வந்திருக்கவில்லை.

விவரம் இல்லாதவர்கள் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது சுலபம். ஆனால் அந்தச் செய்தியின் முதல் பாதி உண்மை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆல்கஹால் அந்த வைரஸை நிஜமாகவே ஒழிக்கும். வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்புப் படலம் இருக்கிறது, 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள திரவம் அதைச் சிதைத்துவிடும், உலகம் முழுக்க எல்லோரும் சானிடைசர் பாட்டிலோடு அலைந்தது அதனால்தான். கையில் வேலை செய்வது வயிற்றுக்குள் போனால் வேலை செய்யாது என்பதுதான் விடுபட்ட பாதி. இரத்தத்தில் ஆல்கஹால் 0.4 சதவீதத்தை எட்டினாலே ஆள் பிழைப்பது சந்தேகம். கிருமியைக் கொல்லும் அடர்த்தியில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. வைரஸ் சாவதற்கு வெகு முன்பே குடித்தவர் செத்துவிடுவார்.

பெருந்தொற்றுக் காலத்தில் கிளம்பும் ஆயிரம் கதைகளில் நாலு நாளில் செத்துப்போனவற்றை விட்டுவிட்டு, மாதக்கணக்கில் நின்றவற்றை மட்டும் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவை இந்த வகைதான். அடியில் ஓர் உண்மை இருக்கும். அது ஒரு வேதியியல் உண்மையாக இருக்கலாம், ஒரு பழைய துரோகமாக இருக்கலாம், அரசாங்கம் நேற்றுச் சொன்னதும் இன்று சொல்வதும் பொருந்தவில்லை என்ற சாதாரண கவனிப்பாகக்கூட இருக்கலாம். பொய்யை மறுக்கக் கிளம்புகிறவர்கள் அந்த உண்மையையும் சேர்த்து மறுத்துவிடுகிறார்கள், அங்கேதான் தோற்கிறார்கள்.

அடியில் இருக்கும் உண்மைகளிலேயே வலுவானது எது என்று கேட்டால், பெரும்பாலான நோயாளிகள் தாமாகவே குணமாகிவிடுகிறார்கள் என்பதைத்தான் சொல்வேன். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஆயிரம் பேருக்கு நோய், அதில் பத்துப் பேர் இறப்பார்கள், மீதி 990 பேர் எந்த வைத்தியமும் இல்லாவிட்டாலும் எழுந்துவிடுவார்கள். இப்போது ஆயிரம் பேருக்கும் ஏதோ ஒரு பொடியைக் கொடுங்கள், வெறும் மாவாக இருந்தாலும் பரவாயில்லை. பத்து நாள் கழித்து 990 பேர் 'நான் சாப்பிட்டேன், குணமானேன்' என்று மனசாரச் சொல்வார்கள். வீடியோ போடுவார்கள். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. 'எனக்கு வேலை செய்யவில்லை' என்று சொல்ல வேண்டிய பத்துப் பேர் சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறார்கள். இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. காய்ச்சல் லேசாக இருக்கும்போது யாரும் புது வைத்தியத்தைத் தேடுவதில்லை, உச்சத்தில் இருக்கும்போதுதான் தேடுவார்கள், உச்சத்துக்குப் பிறகு எப்படியும் இறங்கத்தான் போகிறது. அந்த இறக்கம் முழுவதும் கடைசியாக விழுங்கியதன் கணக்கில் சேர்ந்துவிடும். ஒரே மாதிரி நோயாளிகளை இரண்டு கூட்டமாகக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மருந்து கொடுத்து, இன்னொன்றுக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்கும் அலுப்பான வேலையை மருத்துவ உலகம் விடாப்பிடியாகச் செய்வது இந்த ஒரே காரணத்துக்காகத்தான்.

அந்த வேலையைச் சரியாகச் செய்யாமல் அறிவியல் உடுப்பு மாட்டிக்கொண்டு வந்த பொய்கள்தான் 2020ல் அதிகம் சேதம் செய்தன என்பது என் எண்ணம். வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த படித்த கூட்டம் அதே வேகத்தில் ஆய்வுக்கட்டுரைகளை ஃபார்வர்ட் செய்துகொண்டிருந்தது. 2020 மார்ச் 20 அன்று பிரான்சின் மார்சேய் நகரிலிருந்து டிடியே ரவூல் குழுவினரின் கட்டுரை ஒன்று வெளியானது. மலேரியாவுக்கும், உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் என்ற நோய்க்கும் கொடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொரோனா வைரஸை வேகமாக விரட்டுகிறது என்றது. 26 பேருக்கு மருந்து கொடுத்திருந்தார்கள், ஆனால் கணக்கில் வந்தவர்கள் 20 பேர்தான். விடுபட்ட ஆறு பேரில் மூன்று பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள், ஒருவர் இறந்தவர், ஒருவர் குமட்டல் தாங்காமல் மருந்தை நிறுத்தியவர், இன்னொருவர் மருத்துவமனையை விட்டே போனவர். மருந்து சாப்பிட்டு நிலைமை மோசமானவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் எந்த மருந்தும் நல்ல மருந்துதான். பொடி சாப்பிட்ட ஆயிரம் பேர் கதையேதான், இந்த முறை அட்டவணையோடு வந்தது.

எட்டே நாளில், மார்ச் 28ல், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதற்கு அவசரகால அனுமதி கொடுத்தது. அதற்குள் அதிபர் வாயாலேயே விளம்பரமும் கிடைத்துவிட்டது. பல இடங்களில் லூபஸ் நோயாளிகள் தாங்கள் வழக்கமாக வாங்கும் மாத்திரை கிடைக்காமல் அலைந்தார்கள். ஜூன் தொடக்கத்தில் பிரிட்டனின் 'ரெகவரி' என்ற பெரிய பரிசோதனையின் முடிவு வந்தது. பிற்பாடு வெளியான முழுக் கணக்கின்படி, மருந்து பெற்ற 1,561 பேரில் 27 சதவீதம் பேர் 28 நாளுக்குள் இறந்திருந்தார்கள், பெறாத 3,155 பேரில் 25 சதவீதம். பயன் இல்லை. ஜூன் 15ல் அமெரிக்கா அனுமதியைத் திரும்பப் பெற்றது. மார்சேய் கட்டுரை அதிகாரபூர்வமாக நீக்கப்பட்டது 2024 டிசம்பரில், கிட்டத்தட்ட ஐந்து வருடம் கழித்து.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. அதே மருந்து ஆளைக் கொல்கிறது என்று 96,000 நோயாளிகளின் தரவோடு 2020 மே மாதம் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதை நம்பி உலக சுகாதார நிறுவனம் தன் பரிசோதனையில் அந்த மருந்தைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தது. அந்தத் தரவை ஒரு சிறிய நிறுவனம் கொடுத்திருந்தது, சரிபார்க்கக் கேட்டபோது காட்டவில்லை, இரண்டு வாரத்திலேயே கட்டுரை வாபஸ். மருந்தை வெறுத்தவர்கள் இதை எந்தக் கேள்வியும் கேட்காமல் பகிர்ந்தார்கள்.

ஐவர்மெக்டின் கதையும் ஏறக்குறைய இதே பாதைதான். ஒட்டுண்ணிப் புழுக்களுக்கு எதிரான அருமையான மருந்து, கண்டுபிடித்தவர்களுக்கு 2015ல் நோபல் பரிசு கிடைத்தது. 2020 ஏப்ரலில் ஆஸ்திரேலிய ஆய்வகம் ஒன்று, கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் அது கொரோனா வைரஸை அடக்குவதாகக் காட்டியது. அதுவும் உண்மை. ஆனால் தட்டில் ஊற்றிய அடர்த்தியை மனித இரத்தத்தில் கொண்டுவர வேண்டுமானால் வழக்கமான அளவைப்போலப் பல மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். தட்டில் வைரஸைக் கொல்லும் பொருட்களுக்குப் பஞ்சமே இல்லை, சோப்பும் கொல்லும், நெருப்பும் கொல்லும். பெரிய பலன் காட்டிய ஆரம்ப ஆய்வுகளில் ஒன்று, தரவு ஒட்டவில்லை என்று தெரிந்து 2021 ஜூலையில் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. பிரேசிலில் 1,358 பேரிடம் ஒழுங்காக நடந்த பரிசோதனை 2022ல் பயன் ஏதும் இல்லை என்றது.

'மலிவான பழைய மருந்து, லாபம் இல்லை, அதனால் மறைக்கிறார்கள்' என்று இந்த இரண்டு மருந்துகளுக்காகவும் வாதாடினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது, மருந்துக் கம்பெனிகள் லாபத்தைப் பார்ப்பது ஒன்றும் ரகசியம் இல்லையே. ஆனால் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை நிராகரித்த அதே ரெகவரி பரிசோதனை, அதே ஜூன் மாதத்தில், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு வென்டிலேட்டரில் இருப்பவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று கண்டுபிடித்தது. 1950களில் உருவான மருந்து, காப்புரிமை முடிந்து எத்தனையோ காலமாகிவிட்டது, விலையோ மிகக் குறைவு. யாரும் மறைக்கவில்லை, முடிவு அறிவித்த உடனேயே மருத்துவமனைகள் கொடுக்க ஆரம்பித்துவிட்டன. மலிவு மருந்தை மறைக்கிறார்கள் என்ற வாதத்துக்கு இதைவிட நேரடியான பதில் எனக்குத் தெரியவில்லை, ஆனால் விவாதங்களில் இதை யாரும் எடுத்துச் சொன்னதாக நினைவில்லை.

சரி, மருந்தை விடுவோம். இன்னொரு வகைப் பொய் மருந்தைப் பற்றியது கிடையாது, ஆளைப் பற்றியது: 'இதை யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள்.' கொள்ளைநோய் வந்த இடமெல்லாம் இதுவும் வந்திருக்கிறது. 1348ல் ஐரோப்பாவில் பிளேக் பரவியபோது யூதர்கள் கிணறுகளில் விஷம் கலக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. போப் ஆறாம் கிளெமென்ட் அந்த ஆண்டே எழுத்தில் மறுத்தார்: யூதர்களும் இதே நோயில் சாகிறார்கள், யூதர்களே வாழாத ஊர்களிலும் நோய் இருக்கிறது, அப்புறம் எப்படி அவர்கள் காரணமாவார்கள்? பிசிறில்லாத தர்க்கம். பலன்? 1349 பிப்ரவரி 14ல் ஸ்ட்ராஸ்பூர்கில் நூற்றுக்கணக்கான யூதர்களை உயிரோடு எரித்தார்கள், பிளேக் அந்த ஊருக்கு வந்து சேர்வதற்கு முன்பே. யூதர்களுக்குக் கொடுக்க வேண்டிய கடன்கள் அதோடு ரத்தாகின. பொய்யால் யாருக்கு லாபம் என்று பார்த்தால் சில சமயம் இவ்வளவு அப்பட்டமாக இருக்கும்.

எல்லாச் சந்தேகமும் இப்படி வெறுப்பிலிருந்து வருவதில்லை. 1832ல் லிவர்பூலில் காலரா பரவியபோது, மே கடைசியிலிருந்து ஜூன் பத்து வரை எட்டுக் கலவரங்கள். மக்கள் அடித்தது டாக்டர்களை. நோயாளிகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கொன்று உடலை அறுத்துப் பார்க்கிறார்கள் என்று கத்தினார்கள். பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும், ஆனால் நாலு வருடம் முன்புதான் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று உடல்களை உடற்கூறியல் கற்பித்த ஒரு டாக்டருக்கு விற்றிருந்தார்கள். லிவர்பூல் துறைமுகத்திலேயே 1826ல் பீப்பாய்களில் அடைத்து அனுப்பவிருந்த பிணங்கள் பிடிபட்டிருந்தன. காலராவைப் பொறுத்தவரை மக்கள் சொன்னது தவறு, டாக்டர்கள் யாரையும் கொல்லவில்லை. ஏழைகளின் உடல் என்றால் டாக்டர்களுக்கு எப்படி என்ற விஷயத்தில் அவர்கள் சொன்னது அவ்வளவு தவறு இல்லை. அதே வருடம் ஆகஸ்டில் வந்த சட்டம், ஏழை விடுதிகளில் செத்து உரிமை கோர ஆள் இல்லாதவர்களின் உடல்களை மருத்துவக் கல்லூரிகளுக்குக் கொடுக்க வழிசெய்தது.

நம் காலத்துக்கு வருவோம். 2011ல் ஒசாமா பின் லேடனைத் தேடிக்கொண்டிருந்த அமெரிக்க உளவு அமைப்பு, பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் ஹெபடைடிஸ் தடுப்பூசி முகாம் என்ற பெயரில் ஒரு நாடகம் நடத்தியது. குழந்தைகளின் ரத்த மாதிரியை வைத்து அவர் குடும்பம் அங்கே இருக்கிறதா என்று பார்ப்பது திட்டம். விஷயம் வெளியே வந்தபின், தடுப்பூசி போட வருகிறவர்கள் உளவாளிகள் என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு நிரூபணமே கிடைத்துவிட்டது. போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போன பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இனிமேல் தடுப்பூசித் திட்டங்களை உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று வெள்ளை மாளிகை 2014ல் உறுதி சொன்னது. இதையெல்லாம் அறிந்த ஒருவரிடம் போய் 'தடுப்பூசி விஷயத்தில் சதியே நடக்காது' என்று சொன்னால் அவர் எப்படி நம்புவார்? சதி நடந்திருக்கிறது, இந்தத் தடுப்பூசியில் நடக்கவில்லை என்பதற்கு இன்ன இன்ன காரணம் என்றுதான் பேச முடியும்.

திட்டமிட்டு விதைக்கப்பட்ட பொய்களும் உண்டு. எய்ட்ஸ் கிருமியை அமெரிக்க ராணுவம் ஆய்வகத்தில் செய்தது என்ற கதையை சோவியத் உளவுத்துறை 1983ல் டெல்லிப் பத்திரிகை ஒன்றில் பெயர் இல்லாத கடிதமாக முதலில் போடவைத்தது. இரண்டு வருடம் கழித்து மாஸ்கோ பத்திரிகை அதை மேற்கோள் காட்டியது, 1987க்குள் எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அச்சாகிவிட்டது. 1992ல் ரஷ்ய உளவுத்துறைத் தலைவர் ப்ரிமாகோவ் எங்கள் வேலைதான் என்று ஒப்புக்கொண்ட பிறகும் கதை சாகவில்லை. ஆனால் எய்ட்ஸ் விஷயத்தில் அதைவிடப் பெரிய அழிவு ஒரு தலைவரின் நம்பிக்கையால் வந்தது. எச்ஐவிதான் எய்ட்ஸுக்குக் காரணம் என்பதிலேயே தென்னாப்பிரிக்க அதிபர் தாபோ எம்பெக்கிக்குச் சந்தேகம். அவருடைய சுகாதார அமைச்சர் பூண்டையும் பீட்ரூட்டையும் எலுமிச்சையையும் பரிந்துரைத்துக்கொண்டிருந்தார். மருந்துகள் தாமதமானதால் 2000 முதல் 2005 வரை மூன்று லட்சத்து முப்பதாயிரத்துக்கும் அதிகமான உயிர்கள் போனதாக ஹார்வர்டு ஆய்வாளர்கள் பிற்பாடு கணக்கிட்டார்கள். எந்த ஃபார்வர்டும் இந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

5ஜி கோபுரத்தால் கொரோனா வருகிறது என்பதையும் ஊசிக்குள் சிப் இருக்கிறது என்பதையும் வேகமாகத் தாண்டிவிடலாம். 2020 வசந்தத்தில் பிரிட்டனில் எழுபதுக்கும் மேற்பட்ட செல்போன் கோபுரங்களுக்குத் தீ வைத்தார்கள் அல்லது சேதப்படுத்தினார்கள், பர்மிங்காமில் தற்காலிக கொரோனா மருத்துவமனைக்குச் சேவை தந்த கோபுரமும் அதில் ஒன்று. 5ஜி உள்ள இடங்களின் வரைபடமும் நோய் அதிகம் உள்ள இடங்களின் வரைபடமும் ஒன்றுபோல இருந்தது நிஜம், இரண்டுமே ஜனம் நெருக்கமாக வாழும் நகரங்களின் வரைபடங்கள், அவ்வளவுதான்.

அரசுகளும் சுகாதார அமைப்புகளும் பேசிய விதத்துக்குக் கொஞ்சம் அதிக இடம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் வதந்தி பற்றிய கட்டுரைகள் வழக்கமாக இதைத் தொடாமலே நகர்ந்துவிடும். 1918 செப்டம்பர் 28ல் ஃபிலடெல்ஃபியாவில் போர்க் கடன் பத்திரம் விற்க ஓர் ஊர்வலம், கூடியவர்கள் இரண்டு லட்சம் பேர். ஃப்ளூ ஏற்கெனவே ஊருக்குள் வந்துவிட்டது, மருத்துவர்கள் எச்சரித்தார்கள், பயப்பட ஒன்றும் இல்லை என்றது நகர நிர்வாகம். சில நாட்களிலேயே மருத்துவமனைகள் நிரம்பின, சில வாரங்களுக்குள் 12,000க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். போரில் இருந்த நாடுகள் பத்திரிகைகளைத் தணிக்கை செய்துகொண்டிருந்தன, போரில் இல்லாத ஸ்பெயின் மட்டும் நோயைப் பற்றி எழுதியது, உடனே நோய் அங்கிருந்துதான் கிளம்பியது என்று உலகமே நம்பியது. பொய் சொல்லாமல், வெறுமனே வாயை மூடிக்கொண்டிருப்பதன் மூலமே உருவாக்கிய பொய் இது.

2020ல் யாரும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை, தேவைக்கு அதிகமான உறுதியோடு பேசினார்கள். பிப்ரவரி 29ல் அமெரிக்காவின் 'சர்ஜன் ஜெனரல்', அதாவது மக்களுக்குச் சுகாதார ஆலோசனை சொல்லும் அரசுப் பதவியில் இருந்தவர், மாஸ்க் வாங்குவதை நிறுத்துங்கள், பொதுமக்களுக்கு அது பயன் தராது, ஆனால் மருத்துவப் பணியாளர்களுக்குக் கிடைக்காவிட்டால் எல்லோருக்கும் ஆபத்து என்று ட்விட்டரில் எழுதினார். பயன் தராத பொருள் அவர்களுக்கு எதற்கு என்று பள்ளிப் பிள்ளைகூடக் கேட்கும். கையிருப்பு குறைவு, அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள் என்று நேராகச் சொல்லியிருந்தால் போதும். ஏப்ரல் 3ல் அதே நாடு துணி மாஸ்க் போடச் சொன்னது. மார்ச் 28ல் உலக சுகாதார நிறுவனம் கொரோனா காற்றில் பரவாது என்பது 'உண்மை' என்று பெரிய எழுத்தில் அறிவித்தது. ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, நுண்துளிகள் காற்றில் மிதந்து பரவுவதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கடிதம் எழுத வேண்டிவந்தது; மிதக்கும் துளிகளை மூச்சில் இழுப்பதால் தொற்றும் என்று நிறுவனம் தன் பக்கத்தில் தெளிவாக எழுத 2021 ஏப்ரல் கடைசி ஆனது. அதற்குள் உலகம் கதவுக் கைப்பிடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தது, ஜன்னலைத் திறந்திருக்கலாம். புதிய நோயில் அறிவியல் கருத்து மாறுவது இயல்பு. மாறும் என்று முன்கூட்டியே சொல்லாததுதான் கோளாறு, அப்படிச் சொல்லாதபோது ஒவ்வொரு மாற்றமும் மாட்டிக்கொண்ட பொய்போலத் தெரிந்துவிடுகிறது.

தடுப்பூசியிலும் இதே சிக்கல். 'ஒரே வருடத்தில் வந்த ஊசியை எப்படி நம்புவது?' என்பது முறையான கேள்வி, அதற்கு முறையான பதிலும் உண்டு. சில ஊசிகளுக்கு அடிப்படையான எம்ஆர்என்ஏ, அதாவது புரதம் செய்யும் உத்தரவைச் சுமக்கும் மூலக்கூறு, அதைப் பற்றிய ஆராய்ச்சி பல பத்தாண்டுகளாக நடந்தது, காத்தலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் அதில் முக்கியமான தடையைத் தாண்டியது 2005ல், நோபல் வாங்கியது 2023ல். சோதனைக் கட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக நடத்தாமல் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நடத்தினார்கள், முடிவு தெரியும் முன்பே அரசுகள் உற்பத்திக்குப் பணம் கொட்டின, நோய் எங்கும் பரவியிருந்ததால் சோதனை முடிவும் சீக்கிரம் தெரிந்தது. எம்ஆர்என்ஏ செல்லின் உட்கருவுக்குள், அதாவது மரபணு இருக்கும் இடத்துக்குள், போவதில்லை. வெளியே நின்று புரதம் செய்யும் உத்தரவைக் கொடுத்துவிட்டு, சீக்கிரமே சிதைந்துவிடும். பக்கவிளைவு இல்லவே இல்லை என்று சில ஆதரவாளர்கள் சொன்னதுதான் அபத்தம். இளம் ஆண்களிடம் அரிதாக இதயத் தசை அழற்சி வந்தது, அஸ்ட்ராஜெனிகா ஊசியால் மிக அரிதாக ரத்தக்கட்டு வந்தது, 2021 ஏப்ரலில் ஐரோப்பிய மருந்து முகமையே அதை ஏற்றுக்கொண்டு பட்டியலில் சேர்த்தது.

ஊசி போட்டவர்கள்தான் பாதிப் பேர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்ற செய்தியும் பல நாடுகளில் சுற்றியது. எண்ணிக்கை பல இடங்களில் சரி. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்தாயிரம் பேரில் 9,000 பேர் ஊசி போட்டவர்கள், 1,000 பேர் போடாதவர்கள். போடாதவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்றால் 20 பேர். ஊசி அந்த ஆபத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கிறது என்றால் போட்டவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு, ஆக 18 பேர். வார்டில் 38 பேர், அதில் 18 பேர் ஊசி போட்டவர்கள், கிட்டத்தட்ட பாதி. ஊசி பிரமாதமாக வேலை செய்யும்போதே இப்படித்தான் தெரியும், எல்லோரும் போட்டுக்கொண்டால் வார்டில் இருப்பவர்கள் நூறு சதவீதமும் போட்டவர்களாகத்தான் இருப்பார்கள்.

பொய் ஏன் இவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதற்கு ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. 2018ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் ஓடிய சுமார் 1,26,000 செய்திகளைப் பார்த்தது. உண்மைச் செய்தி 1,500 பேரைச் சென்றடைய, பொய்ச் செய்தியைப்போல ஆறு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டது. தானியங்கிக் கணக்குகளைக் கழித்துப் பார்த்தாலும் மாற்றம் இல்லை, மனிதர்கள்தான் பரப்பினார்கள், புதுசாக இருக்கிறது என்பதுதான் ஈர்ப்பு. கூடவே இன்னொரு விஷயம், 1977லிருந்தே உளவியலாளர்கள் சோதித்துக் காட்டிவருவது: ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மைபோலத் தோன்ற ஆரம்பித்துவிடும். நான்கு குழுக்களிலிருந்து ஒரே செய்தி வந்தால் நான்கு பேர் உறுதிசெய்ததாக மனம் எடுத்துக்கொள்ளும், நான்கும் ஒரே இடத்தில் கிளம்பியவை என்று யோசிப்பதில்லை.

திருத்தினால் ஆட்கள் இன்னும் பிடிவாதமாவார்கள், அதனால் விட்டுவிடுவதே மேல் என்று ஒரு பேச்சு உண்டு. 2010ல் வந்த ஓர் ஆய்வை ஒட்டி அது பரவியது, பிறகு பல ஆயிரம் பேரிடம் திரும்பச் செய்து பார்த்தபோது அப்படிப் பெரிதாக நடக்கவில்லை. திருத்தம் வேலை செய்கிறது, எப்படித் திருத்துகிறோம் என்பதைப் பொறுத்து. வெறுமனே 'அது பொய்' என்றால் மனதில் ஓர் இடம் காலியாகிவிடும், அந்த இடத்துக்குப் பழைய கதையே திரும்ப வரும். என்ன நடந்தது என்ற விளக்கத்தை அங்கே வைத்தால்தான் அது நிற்கும். 2020 பிப்ரவரியில் தைவானில் மாஸ்க் தயாரிக்க டிஷ்யூ பேப்பர் மூலப்பொருள் முழுக்கப் போய்விடுகிறது என்று வதந்தி கிளம்பிக் கடைகள் காலியானபோது, பிரதமர் தன் பின்பக்கத்தை ஆட்டுவது போன்ற கேலிப்படம் போட்டு, நம் எல்லோருக்கும் ஒரு பின்பக்கம்தானே இருக்கிறது என்று எழுதினார். அந்தப் படத்திலேயே மாஸ்க்குக்கு உள்நாட்டு மூலப்பொருள், டிஷ்யூவுக்குத் தென்னமெரிக்க மரக்கூழ் என்று விளக்கமும் இருந்தது. சிரித்துக்கொண்டே பகிர்ந்தார்கள், பீதியும் அடங்கியது.

யார் சொல்கிறார்கள் என்பதும் முக்கியம். லிவர்பூல் கலவரங்கள் அடங்கியது கத்தோலிக்கப் பாதிரியார்கள் கோயில்களில் பேசிய பிறகுதான், கூடவே மக்கள் மதித்த உள்ளூர் டாக்டர் ஒருவரும் அமைதி கேட்டு எழுதினார்.

வடக்கு நைஜீரியாவின் கானோ மாநிலம் 2003ல் போலியோ சொட்டு மருந்தை நிறுத்தியது. பெண்களை மலடாக்கும், எச்ஐவி வரும் என்று பேச்சு. உலகம் தலையில் அடித்துக்கொண்டது. ஆனால் அதே கானோவில்தான் 1996 மூளைக்காய்ச்சல் சமயத்தில் ஃபைசர் நிறுவனம் சுமார் 200 குழந்தைகளிடம் ஒரு மருந்துச் சோதனை நடத்தியிருந்தது. பதினோரு குழந்தைகள் இறந்தன. நோயால்தான் என்றது நிறுவனம், எங்களிடம் ஒழுங்காகக் கேட்கவே இல்லை என்றன குடும்பங்கள், வழக்கு நடந்துகொண்டிருந்தது. அந்த ஊரில் போய் மேற்கத்திய மருந்தை நம்புங்கள் என்றால் எடுபடுமா? நிறுத்தியதன் விலை பயங்கரமானது, அங்கிருந்து கிளம்பிய போலியோ சுமார் இருபது நாடுகளுக்குப் போனது, இந்தோனேசியா வரைக்கும். கடைசியில் வழி திறந்தது விளம்பரத்தால் கிடையாது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அதே இந்தோனேசியாவில் தயாரான மருந்தை வரவழைத்து, சோதித்துப் பார்த்து, கானோ தலைவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், 2004 ஜூலையில் சொட்டு மருந்து மீண்டும் தொடங்கியது. அதற்குப் பிறகும் வேலை சுலபமாக இல்லை, நைஜீரியாவில் கடைசியாக இயற்கைப் போலியோ வைரஸ் தென்பட்டது 2016ல். ஆப்பிரிக்காவில் அந்த வைரஸ் ஒழிந்தது என்று 2020 ஆகஸ்ட் 25ல் அறிவித்தார்கள், கொரோனா ஊசியைப் பற்றிய முதல் வதந்திகள் அதே கண்டத்தில் ஏற்கெனவே சுற்றத் தொடங்கியிருந்தன.